வீட்டு லேத்தில் பெல்ற் கப்பி கடைவது: முதல் தடவை செய்பவருக்கு

யாழ்ப்பாணம் கோண்டாவிலில் எங்கள் வளவின் பின்பக்கக் கொட்டிலில் ஒரு சின்ன மேசை லேத் (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) நிற்கிறது. வீட்டில் ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் அரைத்து விற்கிறோம். அரவை மெசினின் பழைய மோட்டர் எரிந்து புதிய மோட்டர் வாங்கியபோது, அதன் தண்டுக்கும் எங்களுக்குத் தேவையான வேகத்துக்கும் பொருந்தும் கப்பி கடைகளில் கிடைக்கவில்லை. நானே கடையலாம் என்று இறங்கினேன். முதல் இரண்டு கப்பிகளும் பழுதாகிவிட்டன. மூன்றாவது இன்றும் ஓடுகிறது. இடையில் ஆறு கிழமை மெசின் நின்றது.

முதல் கப்பியில் தவாளிப்பின் (பெல்ற் ஓடும் பள்ளத்தின்) கோணம் பிழை. இரண்டாவதில் கோணம் சரி, ஆனால் கப்பி ஆடியது. இரண்டு பிழைகளும் லேத்தை ஓட விடுவதற்கு முன்பே தவிர்த்திருக்கக்கூடியவை. அதனால்தான் இந்தக் கட்டுரையில் கடைவதைப் பற்றி எழுதும் அளவுக்கு அதற்கு முந்திய வேலைகளைப் பற்றியும் எழுதுகிறேன்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வேண்டிய விட்டத்தில், உங்கள் தண்டுக்கு ஏற்ற துளையுடன் கப்பி கடையில் கிடைத்தால் அதை வாங்கிவிடுங்கள். நேரத்தையும் உளியையும் கணக்கில் எடுத்தால் ஒரேயொரு கப்பிக்காக லேத்தில் நிற்பது இலாபமில்லை. கிடைக்காத அளவுக்குத்தான் இந்த வழி.

1. அளவுத்தாள் எழுதுங்கள்

உலோகம் தேடிப் போவதற்கு முன் ஒரு கொப்பித்தாளில் பின்வருபவற்றை எழுதுங்கள்: மோட்டரின் வலு, அதன் வேகம், தண்டின் விட்டம், தண்டின் வெளி நீளம், கீயின் (கப்பியைத் தண்டில் வழுக்காமல் பூட்டும் சின்னக் கட்டையின்) அகலம், பெல்ற்றின் வகை, மெசினில் ஏற்கெனவே இருக்கும் பெரிய கப்பியின் விட்டம், மெசின் ஓட வேண்டிய வேகம், இரண்டு தண்டுகளுக்கும் இடையிலான தூரம். மோட்டரின் பெயர்த்தகட்டைப் படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில் நின்று விவரம் கேட்கும்போது அந்தப் படம் உதவும்.

இந்தத் தாளில் மூன்று இடங்களில் ஆட்கள் வழுக்குவார்கள்.

முதலாவது, வேகம். இங்குள்ள 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் நாலு துருவ மோட்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1440 சுற்று ஓடும். இரண்டு துருவ மோட்டர் 2800 சுற்றுக்கு மேல் ஓடும். கிணற்றுத் தண்ணீர் மோட்டர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. சும்மா கிடக்கும் தண்ணீர் மோட்டரைக் கழற்றி அரவை மெசினில் போடுபவர்கள் இதைப் பார்க்காமல் விட்டால் மெசின் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும். அது ஆபத்து.

இரண்டாவது, தண்டின் விட்டம். இன்று வரும் 1 பரிவலு மோட்டர்களில் தண்டு பெரும்பாலும் 19 மிமீ, கீ 6 மிமீ. ஆனால் பழைய மோட்டர்களில் முக்கால் அங்குலத் தண்டு இருக்கும். அது 19.05 மிமீ. சாதாரண வேணியர் இடுக்கிமானியின் நுட்பமே 0.05 மிமீதான். ஆகவே அது இந்த இரண்டையும் நம்பத்தகுந்த மாதிரிப் பிரித்துக் காட்டாது. திருகுக் கணிச்சி (மைக்ரோமீற்றர்) ஒன்றை இரவல் வாங்கியாவது அளந்துவிடுங்கள். 19.00க்குக் கடைந்த துளை 19.05 தண்டில் ஏறாது; 19.05க்குக் கடைந்தது 19.00 தண்டில் தளர்ந்து அடிக்கும். கீயிலும் இதே பொறி உண்டு: 3/16 அங்குலம் என்பது 4.76 மிமீ, 5 மிமீ அல்ல.

மூன்றாவது, பெல்ற்றின் வகை. பெல்ற்றின் முதுகில் எழுத்தும் எண்ணும் அச்சடித்திருக்கும். ஏ வகையின் மேல் அகலம் 13 மிமீ, உயரம் 8 மிமீ. பி வகை 17க்கு 11. சின்ன இசட் வகை 10க்கு 6. தேய்ந்த பெல்ற்றை அளந்து வகையைத் தீர்மானிக்க வேண்டாம். எழுத்து அழிந்திருந்தால் புதுப் பெல்ற்றை முதலே வாங்குங்கள். தவாளிப்பைச் சரிபார்க்க அது எப்படியும் கையில் இருக்க வேண்டும்.

இனி இக்கட்டுரை முழுவதும் என்னுடைய அளவுகளையே எடுத்துக்காட்டாக வைக்கிறேன்: ஏ வகைப் பெல்ற், 1 பரிவலு மோட்டர் (0.75 கிலோவாற்), 19 மிமீ தண்டு.

2. விட்டத்தைக் கணக்குப் பாருங்கள்

கப்பிக்கு இரண்டு விட்டங்கள் உண்டு. ஒன்று வேணியர் வைத்து அளக்கும் வெளிவிட்டம். மற்றது பிட்ச் விட்டம், அதாவது பெல்ற்றின் உள்ளே இழைகள் ஓடும் மட்டத்தின் விட்டம். வேகக் கணக்குக்குப் பிட்ச் விட்டத்தையே எடுக்க வேண்டும். ஏ வகையில் வெளிவிட்டம் பிட்ச் விட்டத்தை விட 5.5 மிமீ கூட.

என் மெசினின் பெரிய கப்பி வெளியே 205.5 மிமீ; ஆகவே பிட்ச் 200. மெசின் ஓட வேண்டிய வேகம் நிமிடத்துக்கு 650 சுற்று. 650ஐ 200ஆல் பெருக்கி 1440ஆல் வகுத்தால் 90.3. சரி, சின்னக் கப்பியின் பிட்ச் 90, வெளிவிட்டம் 95.5 மிமீ.

இதைவிடச் சின்னதாகச் செய்யலாமா என்றால், ஏ வகைப் பெல்ற்றுக்கு 75 மிமீக்குக் கீழே போகக் கூடாது. பெல்ற் அவ்வளவு முடக்கில் வளைந்தால் கெதியாக வெடித்துவிடும். 75இல் 1 பரிவலுவை ஒற்றைப் பெல்ற்றால் இழுப்பதே எல்லையில் நிற்கும் காரியம். 90 என்றால் நிம்மதி.

அடுத்தது உங்கள் லேத்தின் கொள்ளளவு. என் லேத்துக்கு விற்பவர்கள் சொல்லும் 180 மிமீ என்ற எண், படுக்கைக்கு (லேத்தின் அடித்தளத் தண்டவாளத்துக்கு) மேலே சுழலக்கூடிய விட்டம். கப்பி குறுக்கு ஸ்லைட்டுக்கு (உளியைக் குறுக்காக நகர்த்தும் தட்டுக்கு) மேலே சுழல வேண்டும், அங்கே என் லேத்தில் 110 மிமீதான் இருக்கிறது. ஆகவே மோட்டர் பக்கத்துச் சின்னக் கப்பியை மட்டும் வீட்டில் செய்யுங்கள். பெரிய கப்பியை மெசினோடு வந்தபடியே வைத்திருங்கள். வேகத்தை மாற்ற வேண்டுமென்றாலும் சின்னதை மாற்றுவதுதான் மலிவு.

3. உலோகம்: எதை, எவ்வளவு, எப்படி வாங்குவது

முதல் கப்பிக்கு அலுமினியத்தையே எடுங்கள். வார்ப்பிரும்பு நல்லதுதான், நீண்டகாலம் உழைக்கும். ஆனால் 100 மிமீ விட்டத்தில் அதை ஹைஸ்பீட் உருக்கு உளியால் வெட்ட நிமிடத்துக்கு 65 சுற்று அளவில் ஓட்ட வேண்டும். அந்த வேகத்தில் சின்ன லேத்தின் மோட்டருக்கு இழுவை இருக்காது. அதன் கறுப்புத் தூள் எண்ணெயோடு கலந்து படுக்கையையும் தேய்த்துவிடும். அலுமினியத்தை 300 சுற்றில் ஆறுதலாக வெட்டலாம்.

உருளைத் துண்டாக வாங்குவதா, வார்ப்பதா? என் லேத்தின் சக் (துண்டைத் தாடைகளால் பிடித்துச் சுழற்றும் பகுதி) 80 மிமீ. 100 மிமீ உருளையை அது வெளிப்பக்கமாகப் பிடிக்காது. அதனால் படிவைத்த வடிவில், விளிம்பு பெரிதாகவும் குடம் (தண்டு நுழையும் நடுப்பகுதி) சின்னதாகவும் வார்ப்பித்து, குடத்தைச் சக்கில் பிடித்தேன். 125 மிமீ சக் உள்ளவர்கள் யாழ்ப்பாணம் ஸ்டான்லி வீதிப் பக்கத்து இரும்புக்கடைகளிலோ கொழும்பு பஞ்சிகாவத்தையிலோ உருளைத் துண்டு விசாரிக்கலாம். கொழும்பிலிருந்து பார்சலில் எடுப்பதானால் பில்லின் படத்தை முதலில் கைபேசியில் வாங்கி, உலோகத்தின் பெயரும் எடையும் அதில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். திருப்பி அனுப்பும் செலவு துண்டின் விலைக்கே கிட்ட வந்துவிடும்.

வார்ப்பதற்கு மர அச்சு வேண்டும். முடிவு அளவுடன் ஒவ்வொரு பக்கமும் 3 மிமீ கடைவதற்காகக் கூட்டுங்கள். அதோடு அலுமினியம் ஆறும்போது நூற்றுக்கு 1.3 அளவில் சுருங்கும், அதையும் கூட்டுங்கள். எனக்கு விளிம்பு 103 மிமீ விட்டம், 26 மிமீ தடிப்பு. குடம் 52 மிமீ விட்டம், 25 மிமீ நீளம் என்று வந்தது. மணலிலிருந்து அச்சு உடையாமல் எழும்ப, பக்கங்களை இரண்டு பாகை சரிவாகச் சீவுங்கள். பலாப்பலகையில் ஒரு பின்னேரத்தில் செய்துவிடலாம்.

விலையை ரூபாயில் எழுதினால் அடுத்த மாதம் அந்த எண் பிழையாகிவிடும். எடையில் சொல்கிறேன், அன்றைய கிலோ விலையால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். மேலே சொன்ன வார்ப்பு அலுமினியத்தில் 0.73 கிலோ. அதே வடிவம் வார்ப்பிரும்பில் 1.9 கிலோவுக்கு மேல். கடைந்து முடிந்த கப்பி 0.37 கிலோ அளவில் நிற்கும். பாதி உலோகம் சீவலாகப் போகிறது. அந்தச் சீவலைச் சாக்கில் சேர்த்து வைத்தால் பழைய இரும்புக்காரர் எடுப்பார்.

பழைய உலோகத்தை வார்ப்புப் பட்டறைக்கு நீங்களே கொண்டுபோனால் செலவு குறையும். ஆனால் எதைக் கொண்டுபோகிறீர்கள் என்பது முக்கியம். எஞ்சின் பிஸ்டன்கள்தான் சிறந்தவை. அவற்றில் சிலிக்கன் கலந்திருப்பதால் நன்றாக வார்க்கவும் வரும், வெட்டவும் வரும். சோற்றுப்பானை, கேத்தல், மின்கம்பி ஆகியவை மென்மையான அலுமினியம்; உளியில் களிபோல ஒட்டிக்கொண்டு சீவல் உடையாமல் வரும். வார்ப்பின் வாய்க்காலுக்கும் கழிவுக்கும் சேர்த்து ஒன்றேகால் கிலோ கொடுங்கள்.

பட்டறையில் வாயால் சொல்லிவிட்டு வர வேண்டாம். என் முதல் வார்ப்பைக் குடமே இல்லாமல் தட்டையாக ஊற்றித் தந்தார்கள்; நான் சொன்னதை அவர்கள் வேறு விதமாக விளங்கிக்கொண்டார்கள். தாளில் படம் வரைந்து, அளவெழுதி, திகதி போட்டு, இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று அவர்களிடம், ஒன்று உங்களிடம். கூலியில் உலோகம் சேர்ந்ததா இல்லையா என்பதையும் அதே தாளில் எழுதுவியுங்கள்.

ஒரு துண்டுக்காக அவர்கள் உலை மூட்ட மாட்டார்கள். மற்ற வேலைகள் சேரும்வரை காத்திருக்க வேண்டும். எனக்கு ஒரு கிழமைக்கு மேல் எடுத்தது. மாரி காலத்தில் மணல் ஈரமாக இருந்தால் இன்னும் இழுபடும். ஐப்பசிக்கு முன் கொடுத்துவிடுவது நல்லது. முடிந்தால் ஒரே அச்சில் இரண்டு துண்டு வார்ப்பியுங்கள். உள்ளே குமிழி இருந்தால் தவாளிப்பு வெட்டும்போதுதான் தெரியவரும். அப்போது மறுபடி ஒரு கிழமை காத்திருக்க மனம் வராது.

4. உளிகளும் சில்லறைச் சாமான்களும்

8 மிமீ சதுர ஹைஸ்பீட் துண்டுகள் மூன்று, 3 மிமீ அகல வெட்டு உளி ஒன்று, 12 மிமீ அளவில் ஒரு போரிங் பார் (துளையை உட்பக்கமாகக் கடைந்து பெருப்பிக்கும் உளித்தண்டு), சென்ரர் றில், 8, 12, 16 மிமீ றில்கள், சுழலும் சென்ரர் (துண்டின் நடுவை முன்பக்கத்திலிருந்து தாங்கும் கூர்முனை), 6 மிமீ கீ இரும்பு ஒரு சாண், ஆறு மிமீ திருகுமரை வெட்டும் ராப். டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவி) இல்லாதவர்கள் இதற்காகவே ஒன்று வாங்குங்கள். மேலே சொன்னவற்றில் காசு கூட வாங்குவது அதுதான், ஆனால் கோணத்தையும் ஆட்டத்தையும் அது இல்லாமல் நம்பிச் செய்ய முடியாது.

வெட்டும்போது உளியில் தடவ மண்ணெண்ணெய் போதும். அலுமினியத்துக்கு அதைவிட நல்லது தேட வேண்டியதில்லை. தூரிகையால் தொட்டுத் தொட்டு வையுங்கள். பக்கத்தில் நெருப்பு வேண்டாம்.

சாரத்தோடு லேத்தில் நிற்க வேண்டாம். கையுறை, மோதிரம், கைக்கடிகாரம் எதுவும் வேண்டாம். அலுமினியச் சீவல் நீளமாகச் சுருண்டு வரும், அதைக் கையால் இழுத்தால் விரலைக் கிழிக்கும். கம்பியை வளைத்து ஒரு கொக்கி செய்து வையுங்கள்.

5. ஒரே பிடியில் எல்லாவற்றையும் முடியுங்கள்

இரண்டாவது கப்பி எனக்குப் பழுதானது இந்த இடத்தில்தான். தவாளிப்பை ஒரு பிடியில் வெட்டிவிட்டு, துண்டைக் கழற்றித் திருப்பிப் பிடித்துத் துளை போட்டேன். மூன்று தாடைச் சக் ஒவ்வொரு பிடிக்கும் 0.1 மிமீ அளவில் இடம் மாறும். துளையும் தவாளிப்பும் ஒரே மையத்தில் இல்லாமல் போயின. மோட்டரில் பூட்டியதும் பெல்ற் துள்ளியது, மெசின் முழுவதும் அதிர்ந்தது.

ஆகவே குடத்தைச் சக்கில் பிடித்தபின் முன்முகம், வெளிவிட்டம், தவாளிப்பு, துளை, கீ வெட்டு ஆகிய ஐந்தும் முடியும்வரை சக்கைத் தளர்த்தாதீர்கள். பிடிக்கும் முன் குடத்தின் வார்ப்புத் தோலை அரத்தால் சமப்படுத்துங்கள். குடத்தைச் சக்கின் அடிவரை தள்ளாமல் பின்னால் 8 மிமீ இடைவெளி விடுங்கள். துளை உளியும் கீ உளியும் வெளியே போக அந்த இடம் வேண்டும். இதை மறந்தால் கடைசிப் படியில்தான் தெரியவரும், அப்போது கழற்றவும் முடியாது.

முன்முகத்தைச் சமப்படுத்தி, சென்ரர் றில்லால் நடுவில் குழி இட்டு, சுழலும் சென்ரரை முட்டுக் கொடுங்கள். 100 மிமீ தட்டை 52 மிமீ குடத்தில் மட்டும் பிடித்துக்கொண்டு ஆழமாக வெட்டினால் அது சக்கிலிருந்து நழுவும். முதல் வெட்டு வார்ப்புத் தோலுக்குக் கீழே போகும்படி ஒரு மிமீயாவது ஆழமாக இருக்கட்டும். தோலில் ஒட்டிய மணலில் உளியை உரச விட்டால் முனை உடனே மழுங்கும். வெளிவிட்டத்தை 95.5க்குக் கொண்டுவாருங்கள். விளிம்பின் அகலம் 20 மிமீ.

6. தவாளிப்பு வெட்டுதல்

இதை ஆறுதலாக வாசியுங்கள். கப்பியின் வேலை முழுவதும் இந்தத் தவாளிப்பின் இரண்டு சுவர்களில்தான் நடக்கிறது. பெல்ற் அடித்தளத்தில் உட்காரக் கூடாது. இரண்டு சுவர்களுக்கும் இடையே ஆப்பு மாதிரி இறுகி நிற்க வேண்டும்.

பெல்ற்றின் பக்கங்களுக்கு இடையே 40 பாகை இருக்கிறது. நான் முதல் கப்பியை அதே 40 பாகைக்கு வெட்டினேன். அது பிழை. பெல்ற் சின்னக் கப்பியைச் சுற்றி வளையும்போது அதன் உட்பக்கம் நெருங்கிப் பிதுங்கும், வெளிப்பக்கம் இழுபட்டு ஒடுங்கும். அப்போது அதன் கோணம் குறைந்துவிடுகிறது. கப்பி எவ்வளவு சின்னதோ அவ்வளவு குறையும். அதனால் ஏ வகையில் பிட்ச் விட்டம் 118 மிமீ வரை 34 பாகை, அதற்கு மேல் 38 பாகை. பி வகையில் 190 மிமீ வரை 34, மேலே 38. இசட் வகையில் 80 மிமீ வரை 34, மேலே 38. 40 பாகைத் தவாளிப்பில் என் பெல்ற்றின் கீழ் மூலைகள் மட்டும் சுவரைத் தொட்டன. சுமை ஏறியதும் வழுக்கி, ரப்பர் மணம் வந்து, இரண்டு கிழமையில் பெல்ற் போனது.

எங்கள் 90 மிமீ கப்பிக்கு 34 பாகை. சுவர் ஒன்றுக்கு அதில் பாதி, 17 பாகை. மேல் ஸ்லைட்டை (குறுக்கு ஸ்லைட்டின் மேல் உளியைத் தாங்கி, கோணத்துக்குத் திருப்பக்கூடிய தட்டை) 34க்குத் திருப்பிவிடாதீர்கள்.

இந்த 17 எங்கிருந்து அளக்கப்படுகிறது என்பது அடுத்த பொறி. பெரும்பாலான சின்ன லேத்துகளில் மேல் ஸ்லைட் படுக்கைக்குச் சமாந்தரமாக இருக்கும்போது அளவுகோல் பூச்சியம் காட்டும். எங்களுக்கு வேண்டியது குறுக்குத் திசையிலிருந்து 17 பாகை, அதாவது அந்த அளவுகோலில் 73. அவ்வளவுக்கு அதில் கோடுகளே இருக்காது. அளவுகோலை விட்டுவிடுங்கள். தகரத்தில் ஒரு செங்கோண முக்கோணம் வெட்டுங்கள்: ஒரு பக்கம் 100 மிமீ, மற்றது 30.6 மிமீ. நீளப் பக்கத்துக்கும் சாய்வுக்கும் இடையில் 17 பாகை வரும். (38 பாகைத் தவாளிப்பின் பாதியான 19 பாகைக்கு 34.4 மிமீ.) சாய்வுமட்டத்தை (கோணம் மாற்றக்கூடிய மூலைமட்டத்தை) இந்த முக்கோணத்துக்குப் பொருத்தி, அதன் ஒரு காலைக் குறுக்கு ஸ்லைட்டின் பக்க விளிம்பிலும் மறு காலை மேல் ஸ்லைட்டின் பக்கத்திலும் வைத்து இறுக்குங்கள்.

பிறகு டயல் கேஜை உளித்தாங்கியில் பூட்டி, அதன் ஊசியைக் கப்பியின் சமப்படுத்திய முகத்தில், படுக்கைக்குச் சமாந்தரமாக முட்ட வையுங்கள். மேல் ஸ்லைட்டை ஒரே திசையில் 10 மிமீ நகர்த்தினால் கேஜ் 2.92 மிமீ காட்ட வேண்டும். 19 பாகையானால் 3.26. இந்த எண் வரும்வரை தட்டித் தட்டித் திருத்துங்கள். எனக்கு இதற்கே அரை மணித்தியாலம் போனது.

ஸ்லைட்டை இப்படித் திருப்பும்போது அதன் கைப்பிடியும் கீழேயுள்ள குறுக்குக் கைப்பிடியும் சில லேத்துகளில் முட்டிக்கொள்ளும். உலோகம் வாங்க முன்பே வெறும் லேத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிடுங்கள்.

வெட்டும் ஒழுங்கு இது. மேல் ஸ்லைட்டுக்குக் கோணம் வைப்பதற்கு முன், விளிம்பின் நட்ட நடுவில் 3 மிமீ வெட்டு உளியால் 12 மிமீ ஆழத்துக்கு நேராக இறங்குங்கள். பிறகு பக்கத்தில் 2 மிமீ நகர்த்தி மறுபடி இறங்குங்கள். 5 மிமீ அகல வாய்க்கால் கிடைக்கும். அதன் அடியின் விட்டம் 71.5 மிமீ. உங்கள் குறுக்கு ஸ்லைட்டின் எண்வளையம் ஆழத்தைக் காட்டுகிறதா விட்டத்தைக் காட்டுகிறதா என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் குழப்பத்தில் ஒருவர் 24 மிமீ ஆழம் போயிருக்கிறார், பாதிக் கப்பி காணாமல் போனது. உளி சரியாக மைய உயரத்தில் நிற்கட்டும், தாங்கியிலிருந்து தேவைக்கு மேல் வெளியே நீள வேண்டாம், கரியேஜை (ஸ்லைட்டுகளைத் தாங்கிப் படுக்கையில் ஓடும் பகுதியை) பூட்டுங்கள். அதிர்ந்து கத்தினால் வேகத்தைக் குறையுங்கள். ஊட்டத்தைக் குறைத்தால் உளி உரசி இன்னும் மோசமாகக் கத்தும்.

அடுத்து 17 பாகையில் இடது சுவர். 3 மிமீ மூக்குடன், மூலைகள் மெல்ல உருட்டப்பட்ட உளியைப் போடுங்கள். கரியேஜை 0.25 மிமீ நகர்த்திப் பூட்டி, மேல் ஸ்லைட்டால் உள்ளே இறக்கி, வெளியே எடுத்து, மீண்டும் 0.25 நகர்த்துங்கள். முதல் வெட்டுகள் வாயின் ஓரத்தை மட்டும் தொடும், போகப்போக ஆழமாகும். ஒரு சுவருக்குப் பதினைந்து பதினாறு வெட்டு வரும். கடைசி இரண்டை 0.1ஆக எடுத்தால் சுவர் பளபளப்பாக வரும். கரடான சுவர் பெல்ற்றை அரம்போல அராவும். பிறகு முக்கோணத்தைப் புரட்டி, மேல் ஸ்லைட்டை மறுபக்கம் 17க்கு வைத்து, கேஜால் மறுபடி சரிபார்த்து, வலது சுவர்.

வாயின் அகலம் 12.7 மிமீ வந்ததும் நிறுத்துங்கள். விளிம்பில் இருபக்கமும் 3.65 மிமீ மீதி நிற்க வேண்டும். வாயின் கூர்மையான ஓரங்களை அரத்தால் தடவி எடுத்துவிடுங்கள்.

புதுப் பெல்ற்றை வைத்து இழுத்துப் பாருங்கள். அதன் முதுகு விளிம்போடு சமமாக நிற்க வேண்டும், அடியில் 4 மிமீ அளவில் வெற்றிடம் இருக்க வேண்டும். முதுகு கீழே அமிழ்ந்தால் வாய் அகலமாகிவிட்டது என்று அர்த்தம். அப்படியானால் வெளிவிட்டத்தைக் கொஞ்சம் குறைத்துக் காப்பாற்றலாம். வேகம் சிறிது மாறும், அவ்வளவுதான். இன்னொரு சோதனை: சுவர்களில் நிறப்பேனை பூசி, பெல்ற்றை இறுக்கிப் பிடித்துக் கையால் சக்கைச் சுற்றுங்கள். மை மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி அழிந்தால் கோணம் சரி.

7. துளை

சென்ரரை எடுத்துவிட்டு 8, 12, 16 என்று றில் போடுங்கள். றில் போடும் தள்ளலில் துண்டு நகர்ந்திருக்கலாம். விளிம்பில் டயல் கேஜ் வைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். 0.03க்கு மேல் ஆடினால் மரச்சுத்தியலால் மெல்லத் தட்டித் திருத்திய பிறகே போரிங்.

19 மிமீ தண்டுக்குத் துளை 19.00இலிருந்து 19.02க்குள் நிற்க வேண்டும். உள்விட்டத்தை அளப்பது கடினம். ஆகவே கப்பியைத் தொடங்கும் முன்பே ஒரு இரும்புத் துண்டில் 18.90, 18.98, 19.00 என்று மூன்று படி வைத்து ஓர் அளவுத்தண்டு கடைந்து வைத்திருங்கள். முதல் படி நுழைந்தால் இன்னும் 0.1 இருக்கிறது என்று தெரியும்.

சுடச்சுட அளக்காதீர்கள். அலுமினியம் 40 பாகை செல்சியஸ் கூடச் சூடாக இருந்தால் 19 மிமீ துளை 0.017 மிமீ பெரிதாகக் காட்டும், ஆறியதும் தண்டில் ஏறாது. கடைசி வெட்டுக்கு முன் தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள்.

8. கீ வெட்டு

லேத்தின் மின்செருகியைக் கழற்றுங்கள். சக்குக்கும் படுக்கைக்கும் இடையில் மர ஆப்பு வைத்துச் சுழலாமல் பூட்டுங்கள். போரிங் பாரில் சரியாக 6 மிமீ அகலத்துக்குத் தீட்டிய உளியைப் பக்கவாட்டில் பூட்டி, கரியேஜைக் கையால் முன்னும் பின்னும் ஓட்டிச் சீவுங்கள். ஒரு தடவைக்கு 0.05 மிமீ. மொத்தம் எழுபது தடவைக்குக் கிட்ட வரும். கை வலிக்கும். அவசரப்பட்டு 0.2 எடுத்தால் பார் வளைந்து வெட்டு சரிவாகிவிடும்.

ஆழத்தில் ஒரு பொறி. குடத்தில் கீ வெட்டின் ஆழம் 2.8 மிமீ. ஆனால் துளை வளைவாக இருப்பதால் 6 மிமீ உளியின் இரு மூலைகளும் முதலில் தொடும். அந்த இடத்தைப் பூச்சியமாக வைத்தால் 2.8 போதாது; 3.3 போக வேண்டும். குழம்பாமல் இருக்க, எதிர்ச் சுவரிலிருந்து வெட்டின் அடிவரை வேணியரால் அளந்து பாருங்கள். 21.8 மிமீ வந்தால் முடிந்தது.

இப்போது சக்கைத் தளர்த்தலாம். குடத்தின் பின்முகத்தையும் வெளிப்பக்கத்தையும் கடைய, சக்கில் ஓர் இரும்புத் துண்டைத் துளைக்கு இறுக்கமாகக் கடைந்து, அதைக் கழற்றாமலே கப்பியை அதில் ஏற்றிக் கடையுங்கள். குடம் 45 மிமீ விட்டம், மொத்த நீளம் 40. கீக்கு நேர் மேலே 5 மிமீ துளையிட்டு ஆறு மிமீ மரை வெட்டிப் பூட்டுத் திருகு போடுங்கள்.

தொடக்கம் முதல் இதுவரை எனக்கு மூன்றாவது தடவையில் ஏழு மணித்தியாலம் எடுத்தது. இரண்டு நாளாகப் பிரித்தால் இரவில் லேத்துக்கு எண்ணெய் பூசி மூடுங்கள். எங்கள் பக்கத்து உப்புக்காற்றில் ஒரே இரவில் சக் துருப்பிடிக்கும்.

9. பூட்டுதலும் பெல்ற் தெரிவும்

கப்பியைத் தண்டில் சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள். அந்த அடி மோட்டரின் பெயரிங்கில் போய் விழும். தண்டில் அடித்த தழும்பைப் பார்த்தால் உத்தரவாத அட்டை இருந்தும் கடையில் ஏற்க மாட்டார்கள். கையால் தள்ளி ஏறவில்லை என்றால் துளைதான் சரியில்லை.

பெல்ற்றின் நீளத்துக்கு: தண்டுகளுக்கு இடையிலான தூரத்தின் இரண்டு மடங்கு, இரு பிட்ச் விட்டங்களின் கூட்டுத்தொகையின் 1.57 மடங்கு, இரண்டையும் கூட்டுங்கள். விட்டங்களின் வித்தியாசத்தை அதனாலேயே பெருக்கி, தூரத்தின் நாலு மடங்கால் வகுத்து, அதையும் சேருங்கள். எனக்குத் தூரம் 450 மிமீ. 900, 455, 7, மொத்தம் 1362. ஏ வகையில் பெல்ற்றின் முதுகிலுள்ள எண் உள்நீளத்தை அங்குலத்தில் சொல்கிறது. 1362இலிருந்து சுமார் 35ஐக் கழித்து 25.4ஆல் வகுத்தால் 52. ஏ 52 வாங்கினேன். மோட்டரின் காலில் நீளத் துளைகள் இருப்பதால் ஓரிரு சென்றிமீற்றர் இங்கும் அங்கும் நகர்த்தலாம்.

இரு கப்பிகளின் தவாளிப்புகளும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று நேரான சட்டம் அல்லது இறுக்கிப் பிடித்த நூலால் பாருங்கள். கப்பிகளின் தடிப்பு வேறாக இருந்தால் முகத்தை வைத்துப் பார்க்காமல் தவாளிப்பின் நடுவை வைத்துப் பாருங்கள். இறுக்கத்துக்கு, இரு கப்பிகளும் பெல்ற்றைத் தொடும் இடங்களுக்கு இடையிலான நீளத்தின் நடுவில் விரலால் அமர்த்துங்கள். 450 மிமீக்கு 7 மிமீ அளவில் தாழ்ந்தால் போதும். அதற்கு மேல் இறுக்கினால் பெயரிங் சூடாகும்.

கம்பிவலைக் காப்பு போடாமல் மின்சாரம் கொடுக்காதீர்கள், ஒரு நிமிடச் சோதனைக்குக்கூட. வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள், அரைக்க வருபவர்களின் சேலைத்தலைப்பு இருக்கிறது.

முதலில் சுமையில்லாமல் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தி, கப்பியைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் பெல்ற் வழுக்குகிறது. முதல் நாள் வேலை முடிந்ததும் பெல்ற் சிறிது தளர்ந்திருக்கும். அப்போது மோட்டரைப் பின்னுக்கு இழுத்து மறுபடி இறுக்கி, பூட்டுத் திருகையும் ஒரு கால் சுற்று முறுக்குங்கள். அளவுத்தாளில் அன்றைய திகதியையும் பெல்ற் எண்ணையும் எழுதி, மெசினுக்கு மேலே ஓர் ஆணியில் கொழுவிவிடுங்கள்.